லேஸுக்கு வயசு என்ன?

பெல்ஜியம் என்றால் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது கண்ணாடிதான். செட்டிநாட்டு வீடுகளில் ஆளுயரத்துக்கு மாட்டியிருப்பார்களே, அந்த 'பெல்ஜியம் கண்ணாடி'! குழந்தைகளைக் கேட்டால் சாக்லேட் என்பார்கள். அந்த ஊர்ப் பெண்களைக் கேட்டாலோ, பாட்டிமார் காலத்திலிருந்து வரும் இன்னொரு பெருமையையும் சேர்த்துச் சொல்வார்கள். அதுதான் லேஸ்.

என் தங்கை பிரஸ்ஸல்ஸ் நகரில் குடியிருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்கு உதவியாகப் போய் மூன்று மாதம் தங்கினேன். பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது. மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை, "அக்கா, ஊருக்குப் போறதுக்குள்ளே ப்ரூஜைப் பார்த்துடணும்" என்று பிடிவாதமாகக் கிளப்பினாள். குழந்தையைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துக்கொண்டு ரயிலேறினோம். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்.

ஏழைமை காத்த ஊர்

ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் அன்னங்கள் நீந்தும் ஓர் ஏரி. அதைத் தாண்டினால் வெள்ளை வெளேரென்று வரிசை வீடுகள். 1245-ல் ஏற்பட்ட பெண்கள் குடியிருப்பு அது. கல்யாணம் செய்துகொள்ளாத பெண்களும் விதவைகளும் முழுத் துறவு வாங்காமலே சேர்ந்து வாழ்ந்து, உழைத்துச் சாப்பிட்ட இடம். அங்கிருந்து வாய்க்கால் ஓரமாகவே போனால் கடைத்தெருச் சதுக்கம் வருகிறது. 83 மீட்டர் உயர மணிக்கூண்டு நிற்கிறது. உச்சிக்குப் போக 366 படிகள். தள்ளுவண்டியோடு வந்த எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அண்ணாந்து பார்த்ததோடு சரி.

வீடுகள் எல்லாம் படிப்படியாகச் செதுக்கிய கூரை முகப்போடு, நேற்றுத்தான் கட்டினாற்போல் நிற்கின்றன. இத்தனை பழைய வீடுகள் எப்படித் தப்பின என்று தங்கையிடம் கேட்டேன். அதற்குக் காரணம் ஒரு சோகக் கதை. ப்ரூஜ் முன்பு ஐரோப்பாவின் பெரிய வியாபாரத் துறைமுகங்களில் ஒன்று. கடலோடு சேர்த்த கால்வாய் மணல் மூடித் தூர்ந்து போனதும், பெரிய கப்பல்கள் வருவது குறைந்தது. வியாபாரம் ஆண்ட்வெர்ப் நகருக்குப் போய்விட்டது. 19-ம் நூற்றாண்டின் நடுவில் பெல்ஜியத்திலேயே மிக ஏழையான நகரங்களில் ஒன்றாக இது இருந்தது. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யார் கையிலும் காசில்லை. அதனால் பழையவை அப்படியே நின்றன. 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக இந்தப் பழைய நகரை அறிவித்தது.

அந்த ஏழ்மை நாட்களில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது லேஸ் கூலியால்தான். வெயில் அடிக்கும்போது வாசலில் நாற்காலி போட்டு, மடியில் திண்டை வைத்துக்கொண்டு கிழவிகளும் சிறுமிகளும் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பழைய படங்கள் ஊரெங்கும் விற்கின்றன.

கோலமும் ஜடையும் சேர்ந்த வேலை

பால்ஸ்ட்ராட் என்ற சந்தில் லேஸ் மையம் இருக்கிறது. கன்னியர் மடத்தார் நடத்திய பழைய லேஸ் பள்ளிக்கூடக் கட்டடத்தைப் புதுப்பித்து, 2014-லிருந்து அங்கே மையத்தையும் மியூசியத்தையும் நடத்துகிறார்கள். மாடியில் பிற்பகல் வேளையில் பெண்கள் உட்கார்ந்து பின்னிக் காட்டுகிறார்கள். உள்ளே நுழைந்ததுமே காதில் விழுந்தது சத்தம்தான். சோழி குலுக்கினாற்போல் கலகல, கலகல என்று. மரக்குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் அது.

பாபின் என்றதும் தையல் மிஷின் பாபினை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது ஏறக்குறைய பென்சில் நீளத்துக்குக் கடைந்த மரக்குச்சி. மேல் முனையில் நூல் சுற்றியிருக்கும். இதை இரண்டிரண்டாக, ஜோடி ஜோடியாகத்தான் பயன்படுத்துவார்கள். கெட்டியாக அடைத்த திண்டின் மேல், புள்ளி புள்ளியாகத் துளையிட்ட அட்டை. அட்டையில் உள்ள துளைதான் நம்முடைய கோலப் புள்ளி. நூல்களைப் பின்னிக்கொண்டே வந்து, ஒவ்வொரு புள்ளியிலும் குண்டூசி குத்தி நூலை நிறுத்த வேண்டும். முடிந்ததும் ஊசிகளைப் பிடுங்கிவிட்டால் லேஸ் தனியாகக் கையில் வந்துவிடும். அடியில் துணி கிடையாது.

கைக்குத் தெரிய வேண்டிய அசைவு இரண்டே இரண்டு. ஒன்று, குறுக்கே மாற்றுவது; இன்னொன்று, முறுக்குவது. நாலு குச்சியை வைத்துக்கொண்டு மாற்று, முறுக்கு, மாற்று என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஜடை பின்னத் தெரிந்த கைக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. ஆனால் சாதாரண ஓரத்துக்கே பத்திருபது ஜோடி வேண்டும். நுணுக்கமான வேலைக்கு நூற்றுக்கணக்கில் குச்சிகள் திண்டு நிறையப் பரந்து கிடக்கின்றன. பார்க்கும்போதே தலை சுற்றுகிறது!

அந்த ஊர் மொழியில் லேஸுக்கு 'கான்ட்' என்று பெயர். அதே சொல்லுக்கு 'ஓரம்' என்றும் அர்த்தமாம். பிரெஞ்சில் 'டான்டெல்'. அதாவது குட்டிப் பல். ஓரத்தில் பல்லுப் பல்லாக இருப்பதால் அந்தப் பெயர். பெயரைப் பார்த்தாலே இது எங்கே பிறந்தது என்று புரிகிறது அல்லவா? துணியின் ஓரத்தை அழகுபடுத்தப் பிறந்த வேலை.

யார் கண்டுபிடித்தார்கள்?

இங்கேதான் வேடிக்கை. ஒவ்வொரு ஊரும் 'எங்கள் ஊரில்தான் பிறந்தது' என்று ஒரு கதை வைத்திருக்கிறது.

ப்ரூஜின் கதையில் செரீனா என்று ஓர் ஏழைப் பெண். குடும்பம் பசியில் வாட, தன் காதலையே துறப்பதாக மாதாவிடம் வேண்டிக்கொள்கிறாள். மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது சிலந்தி வலை ஒன்று அவளுடைய கறுப்பு ஏப்ரனில் பூ வேலைப்பாடு போல விழுகிறது. அதைப் பார்த்து நூலில் பின்ன ஆரம்பிக்கிறாள். நூல் சிக்கிக்கொள்ளவே, அவளை விரும்பிய இளைஞன் ஒவ்வொரு நூலிலும் ஒரு குச்சியைக் கட்டிக் கொடுக்கிறான். இப்படிப் பிறந்ததாம் லேஸ். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

ஜெர்மனியில் ஆன்னபெர்க் என்ற சுரங்க ஊர்க்காரர்கள், 1561-ல் பார்பரா உட்மான் என்ற அம்மாள்தான் இதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயர் பக்கத்தில், எட்டாம் ஹென்றி ராஜா தள்ளிவைத்த ராணி கேதரின்தான் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்பார்கள்.

கதை கதைதான். காகிதம் என்ன சொல்கிறது? மியூசியத்தில் படித்ததையும், அங்கே கேட்டறிந்ததையும், ஊர் திரும்பியபின் புத்தகங்களில் தேடியதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1493-ல் இத்தாலியில் மிலான் நகரத்து ஸ்ஃபோர்சா பிரபு குடும்பத்துச் சகோதரிகள் இருவர் சொத்துப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பத்திரத்தில் பன்னிரண்டு குச்சிகளால் செய்த ஓர் ஓரப் பின்னல் கணக்கில் வருகிறது. அது லேஸா, வெறும் நாடாவா என்று இன்றும் வாதம் உண்டு. எப்படியோ, குச்சி வந்துவிட்டது.

1557-ல் வெனிஸ் நகரில் 'லே போம்பே' என்ற மாதிரிப் புத்தகம் அச்சாயிற்று. குச்சி லேஸுக்கென்றே வந்த மிகப் பழைய அச்சுப் புத்தகம் இதுதான்.

அதற்குச் சில வருஷம் கழித்து, ஏறக்குறைய 1561-ல், ஸ்விட்சர்லாந்தில் சூரிக் நகரில் இன்னொரு மாதிரிப் புத்தகம். எழுதியவர் ஒரு பெண். லேஸ் கற்றுக்கொடுத்துப் பிழைத்தவர். முழுப்பெயர் இல்லை, ஆர். எம். என்று இரண்டே எழுத்து. முன்னுரையில் அந்த அம்மாள் சொல்லும் ஒரு விஷயம் எல்லா ராணி கதைகளையும் ஓரமாக ஒதுக்கிவிடுகிறது. இந்தக் கலை இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், 1536-ல், வெனிஸிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த வியாபாரிகள் மூலம்தான் எங்கள் ஊருக்கு வந்தது என்கிறார்.

கேதரின் ராணி கண்ணை மூடியது அதே 1536-ல்தான். அவர் இங்கிலாந்துக் கிராமத்தில் லேஸ் சொல்லிக் கொடுத்ததற்கு அந்தக் காலத்து ஆதாரம் ஏதும் கிடையாது. பார்பரா அம்மாள் கதையிலோ, உண்மையான பெருமை வேறு. அவர் கண்டுபிடித்தவர் அல்ல, வியாபாரி. கணவர் இறந்தபின் குடும்பத் தொழிலைத் தாமே எடுத்து நடத்தி, நாடாவும் ஓரப் பின்னலும் செய்யும் சுமார் 900 பெண்களுக்கு வேலை கொடுத்தார் என்கிறார்கள். 1575-ல் காலமானார். சிலந்தி வலையைவிட இது பெரிய சாதனை என்று எனக்குப் படுகிறது.

ஆக, கணக்கு இதுதான். நாடா பின்னும் பழைய வேலையிலிருந்து, 1500-களின் முதல் பாதியில் இத்தாலியில் குச்சி லேஸ் உருவாகி, வியாபாரிகள் மூலம் வடக்கே பரவி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ப்ரூஜ் அடங்கிய ஃப்ளாண்டர்ஸ் நாட்டில் ஊன்றிக்கொண்டது. அங்கே ஏன் அவ்வளவு செழித்தது? நூல்தான் காரணம். ஆளிச் செடியின் நாரிலிருந்து அங்கே நூற்ற லினன் நூல் அவ்வளவு மெல்லியது. காற்றில் ஈரம் குறைந்தால் அறுந்துவிடும் என்று நிலவறைகளில் உட்கார்ந்து நூற்பார்களாம்.

பெயரை நம்பாதே!

புடவையில் காஞ்சிபுரம், ஆரணி, சின்னாளப்பட்டி என்று நாம் ஊர்ப் பெயர் சொல்வதுபோல, லேஸிலும் ஊருக்கு ஒரு தினுசு உண்டு. பெரிதாகப் பிரித்தால் இரண்டு ஜாதி. ஒன்றில், ஆரம்பித்த நூல் பூவுக்குள்ளும் வலைக்குள்ளும் புகுந்து கடைசி வரை ஓடும். வலென்சியென், மெக்லின், பின்ஷ் எல்லாம் இந்த வகை. மற்றதில், பூவைத் தனியாக, இலையைத் தனியாகப் பின்னி, பிறகு இணைப்பார்கள். பிரஸ்ஸல்ஸ் லேஸும் இங்கிலாந்தின் ஹானிட்டன் லேஸும் இந்த வகை.

ஆனால் ஊர்ப் பெயரை வைத்து வயசையோ பிறந்த இடத்தையோ சொன்னால் ஏமாந்து போவோம். சில உதாரணம் பாருங்கள்.

'இங்கிலாந்து லேஸ்' என்று அர்த்தம் வரும் பிரெஞ்சுப் பெயரோடு ஒரு லேஸ் உண்டு. பெரும்பாலும் பிரஸ்ஸல்ஸில் செய்தது அது! 1662-ல் இங்கிலாந்து வெளிநாட்டு லேஸை இறக்குமதி செய்யக் கூடாது என்று சட்டம் போட்டது. வியாபாரிகள் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து, உள்ளூர்ச் சரக்கு என்று பெயர் மாற்றி விற்றார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

வலென்சியென் என்பது பிரான்ஸின் வடக்கு எல்லையில் உள்ள ஊர். 1678-ல் பிரான்ஸுக்குச் சொந்தமாயிற்று. 1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. ராஜாவும் பிரபுக்களும் போனபின் லேஸ் வாங்க ஆளில்லை. ஊரில் தொழில் படுத்துவிட்டது. ஆனால் அதே தினுசை ப்ரூஜிலும் ஈப்ர் நகரிலும் அடுத்த நூற்றாண்டு முழுக்கச் செய்தார்கள். ஆக, 'வலென்சியென்' என்று எழுதிய லேஸ் அந்த ஊரைப் பார்த்தே இருக்காது.

'டச்சஸ்' லேஸ் என்றால் கோமகள் லேஸ். 1853-ல் பெல்ஜியம் இளவரசருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மாரி ஹென்றியெட் என்ற பிராபன்ட் கோமகளின் ஞாபகமாக வந்த பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ ஐந்நூறு வருஷப் பழசு போலத் தோன்றும். வந்தது 19-ம் நூற்றாண்டில். ப்ரூஜ்காரர்கள் தங்கள் அடையாளமாகக் காட்டும் பூ வேலை லேஸும் அந்தக் காலத்துப் பிள்ளைதான்.

மால்டா தீவின் லேஸ் 1833 வாக்கில் ஓர் ஆங்கிலேயச் சீமாட்டி இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து ஆட்களை வரவழைத்ததால் அங்கே வளர்ந்தது. 'க்ளூனி' லேஸ் என்பது பாரீஸில் உள்ள க்ளூனி மியூசியத்தின் பழைய மாதிரிகளைப் பார்த்துச் செய்ததால் வந்த 19-ம் நூற்றாண்டுப் பெயர். 'டார்ஷன்' என்ற எளிய வகைக்கு என்ன அர்த்தம் தெரியுமா? பாத்திரம் துடைக்கும் துணி! கோமகளுக்கு ஒரு லேஸ் என்றால் அடுப்படிக்கும் ஒன்று வேண்டாமா!

வயசு கண்டுபிடிக்கும் வழி

அப்படியானால் வயசை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

முதல் சாட்சி, ஓவியம். தேதி போட்ட பழைய படத்தில் ஒரு தினுசு லேஸ் தெரிந்தால், அந்தத் தேதிக்குள் அது புழக்கத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான். நம் வீட்டுப் பெண், பாட்டியின் கூறைப் புடவையைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்தால், புடவை அந்த வருஷத்ததா? படத்தில் இருப்பவர் போட்டிருக்கும் லேஸும் பாட்டி சொத்தாக இருக்கலாம். ஹாலந்து ஓவியர் வெர்மீர் 1670-ஐ ஒட்டி வரைந்த 'லேஸ் பின்னும் பெண்' பாரீஸ் லூவ்ர் மியூசியத்தில் இருக்கிறது. 24 சென்டிமீட்டர் உயரம்தான்; பள்ளிக்கூட நோட்டு அளவு. அந்தப் பெண் குனிந்து பின்னும் கவனத்தைப் பார்த்தால், நாம் மூச்சு விட்டாலும் கலைந்துவிடும் போலிருக்கும்.

இரண்டாவது சாட்சி, அட்டை. இது சரியான சாட்சி அல்ல. பாட்டி போட்ட கோலத்தைப் பேத்தி இன்று காலை போட்டால், கோலம் பழசு, மாவு புதுசு. லேஸ் அட்டையும் அப்படித்தான் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது.

அதனால் நூலைத்தான் முதலில் கேட்க வேண்டும். பழைய லேஸ் கையால் நூற்ற லினன். 1800-களின் முற்பகுதியிலிருந்து மிஷினில் நூற்ற பருத்தி நூல் அதன் இடத்தைப் பிடித்தது. 18-ம் நூற்றாண்டு லேஸ் என்று சொல்லிப் பருத்தி நூலில் செய்த ஒன்றை நீட்டினால், நம்ப வேண்டாம்.

அப்புறம் வலை. 1809-ல் ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் வலை நெய்யும் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். மாதக்கணக்கில் கையால் பின்னிய வலையை மிஷின் கஜக்கணக்கில் தள்ளியது. அதன்மேல் கையால் செய்த பூக்களைத் தைத்தார்கள். ஆக, மிஷின் வலையின் மேல் பூ இருந்தால் அது 1809-க்கு முன்னால் பிறந்திருக்க முடியாது.

சில லேஸ்களில் தேதி தானாகவே எழுதியிருக்கிறது. 1914-லிருந்து 1918 வரை முதல் உலகப் போரில் பெல்ஜியத்தை ஜெர்மன் படை பிடித்திருந்தது. நூலும் வரவில்லை, சாப்பாடும் இல்லை. அமெரிக்கரான ஹெர்பர்ட் ஹூவர் நடத்திய நிவாரணக் கமிஷன் உணவோடு லேஸ் நூலும் உள்ளே போக ஏற்பாடு செய்தது. பெண்கள் பின்னிய லேஸ் வெளிநாட்டில் விற்றது. பெல்ஜியத்துக்குத் துணை நின்ற தேசங்களின் சின்னங்களை அதில் பின்னினார்கள். 'போர் லேஸ்' என்று பெயர். மியூசியக் கண்ணாடிப் பெட்டியில் அந்தச் சிங்கங்களையும் கேடயங்களையும் பார்த்தால், திண்டின் மேல் குனிந்த தலைகளுக்குள் எவ்வளவு ரோஷம் இருந்தது என்று தெரிகிறது.

குட்டிக் கைகள்

அழகை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் நியாயமில்லை. 19-ம் நூற்றாண்டு லேஸ் பள்ளிகளில் ஐந்து, ஆறு வயசுக் குழந்தைகளையே உட்கார வைத்தார்கள். எழுத்துப் படிப்பு கொஞ்சம். குச்சி வேலை அதிகம். இருட்டினால் மெழுகுவத்திக்கு முன்னால் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை வைத்து, அதில் குவியும் வெளிச்சத்தில் பின்ன வேண்டும். ஊசிக் கணக்குத் தப்பாமலிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை. 1840-களில் உருளைக்கிழங்கு அழுகி, கைத்தறி லினனும் விழுந்து, ஃப்ளாண்டர்ஸில் பஞ்சம் வந்தபோது இந்தப் பள்ளிகள் இன்னும் பெருகின. ராஜ குடும்பத்துக் கல்யாண முகத்திரை ஒன்றைக் கண்ணாடிக்குள் பார்க்கும்போது, அதைப் பின்னிய சிறுமிக்குப் பின்னாளில் கண் எப்படி இருந்ததோ என்றுதான் மனம் போகிறது. போட்டுக்கொண்டவர் பெயர் தெரிகிறது; பின்னியவர் பெயர் ஒன்றிலும் இல்லை.

நம்ம ஊர் லேஸ்

மையத்தில் பின்னிக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மாளின் கண், தள்ளுவண்டியில் தூங்கிய எங்கள் குழந்தையின் தொப்பி மேல் விழுந்தது. அம்மா பத்திரமாக வைத்திருந்து கொடுத்தனுப்பிய வெள்ளைத் தொப்பி; சுற்றிலும் இரண்டு விரல் அகல லேஸ். எங்கள் குடும்பத்தில் அதைப் பற்றி ஒரு தீராத வழக்கு. 'பாட்டி பின்னினது' என்பாள் அம்மா. 'இல்லே, பாட்டியோட அம்மா பின்னினது' என்பார் பெரியம்மா. பாட்டியும் அவர் தாயாரும் நாகர்கோவில் பக்கத்தில் மிஷன் பள்ளியில் படித்தவர்கள்.

தங்கை அந்த ஊர் மொழியில் விஷயத்தைச் சொன்னதும், பாட்டியம்மாள் ஆச்சரியப்படவில்லை. லேஸ் போகாத ஊர் உண்டா என்றார். உண்மைதான். 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, 1820-களில் அங்கே பெண்கள் பள்ளியில் லேஸ் கற்றுக்கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே, லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் அந்தப் பள்ளியில் இருந்தார்கள். மார்த்தாவின் மகள் எலைசா நாகர்கோவிலில் பிறந்து, தமிழ் பேசி வளர்ந்தவர். 1844-ல் கால்டுவெல் ஐயரை மணந்து, இடையன்குடிப் பெண்களுக்கு அந்த வேலையைக் கொண்டுபோனார். 1897-ல் பெல்ஜியம் ஈப்ர் நகரத்து மடத்திலிருந்து மாரி லூயிஸ் டி மீஸ்டர் என்ற கன்னியாஸ்திரி முளகுமூட்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கேயும் லேஸ் பெண்களுக்குப் பிழைப்பாயிற்று. இலங்கையில் காலி, வெலிகம பக்கத்தில் 'பீரலு' என்று இன்றும் பின்னுகிறார்கள்.

பாட்டியம்மாள் பூதக்கண்ணாடி வைத்துத் தொப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கைவேலைதான், டார்ஷன் வகை, பருத்தி நூல் என்றார். எந்த ஊர், எந்த வருஷம் என்று லேஸை வைத்து மட்டும் சொல்ல முடியாதாம். ஆனால் தையல் ஓரத்தைக் காட்டினார். இப்போதைய தையலுக்குப் பக்கத்தில், நூலில்லாத பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. இந்த லேஸ் முன்பு வேறு எதிலோ இருந்திருக்கிறது. பிரித்தெடுத்துத் தொப்பிக்குத் தைத்திருக்கிறார்கள். தொப்பிக்கு ஒரு வயசு, லேஸுக்கு அதைவிடக் கூடுதல் வயசு!

அன்று இரவே அம்மாவுக்குப் போன் செய்தோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்போ பின்னினது கொள்ளுப்பாட்டியா இருக்கும், தைச்சது எங்கம்மாவா இருக்கும். அக்கா சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி" என்றாள். நிச்சயமாக அப்படித்தான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் ஒத்துவருகிறது.

கையா, மிஷினா?

ப்ரூஜ் கடைத்தெருவிலும் எல்லாம் கைவேலை இல்லை. மலிவாகக் குவித்திருப்பதில் மிஷின் சரக்கும், வெளிநாட்டிலிருந்து வந்ததும் நிறைய. நம் ஊரிலும் அப்படித்தான். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

பூதக்கண்ணாடியில் பாருங்கள். குச்சி லேஸில் நூல்கள் துணி நெசவு போலவும் ஜடை போலவும் மேலும் கீழும் போவது தெளிவாகத் தெரியும். குரோஷாவாக இருந்தால் ஒரே நூலின் சங்கிலிக் கண்ணிகள் தெரியும்.

ஒரே மாதிரிப் பூக்கள் இரண்டை ஒப்பிடுங்கள். கைவேலையில் இரண்டுக்கும் இழையளவு வித்தியாசம் இருக்கும். மிஷினில் அச்சு அசலாக ஒன்றே.

பூவின் ஓரத்தில் வெட்டிய நூல் பிசிறு பிசிறாக நின்றால் அநேகமாக மிஷின்.

கைக்குட்டையின் மூலையைப் பாருங்கள். கைவேலையில் டிசைன் மூலையில் அழகாகத் திரும்பும். மடித்துத் தைத்திருந்தால் கஜக் கணக்கில் வாங்கி வைத்தது.

வீட்டில் பழைய லேஸ் இருந்தால்

பீரோவில் அலசிப் பாருங்கள். பழைய தலையணை உறையிலோ, ஞானஸ்நான உடையிலோ, பாட்டியின் ரவிக்கைக் கையிலோ இருக்கலாம். இருந்தால், கசக்கித் துவைக்காமல், மெல்லிய சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, துண்டின் மேல் படுக்கையாக நிழலில் உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் நனைந்த கனத்துக்கே நூல் அறும். கஞ்சி போட்டு வைக்காதீர்கள்; பூச்சி வரும். மடிப்பில் நூல் ஒடியும் என்பதால் வெள்ளை மல் துணியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். மழைக்காலத்தில் உள்ளே வேர்த்துக் கறை விழும். அந்துருண்டை நேராகப் படக் கூடாது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஒரு காகிதத் துண்டில் யார் பின்னினார்கள், எந்த ஊர், எந்த வருஷம், யார் கல்யாணத்துக்கு, யார் குழந்தைக்கு என்று தெரிந்ததைப் பென்சிலால் எழுதி அதோடு வையுங்கள். மை கசியும், பென்சில் கசியாது. தெரியாததற்கு, தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். குரோஷாவோ, எம்ப்ராய்டரியோ, கூடைப் பின்னலோ, உங்கள் கைவேலைக்கும் அப்படியே. ஸ்ஃபோர்சா சகோதரிகளின் சொத்துப் பத்திரத்தில் பன்னிரண்டு குச்சிகளைக் குறித்து வைத்த குமாஸ்தா பின்னினவள் பெயரை எழுதவில்லை. நம் வீட்டில் அதை எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகாது.